மாற்றிக் குத்திய வயர்

நிரோஷனின் கம்ப்யூட்டர் ஹேன்வுட் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்கு வந்து இறங்கிய அன்று, அவனுடைய அப்பா பழனியாண்டி அதற்குக் கற்பூரம் காட்டினார். திரைக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். மவுஸுக்குப் பூ வைக்க இடம் தேடி, கடைசியில் அதன் முதுகில் ஒரு செவ்வந்தியைக் கிடத்தினார்கள். பாடசாலை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணகுமாரி டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தேங்காயும் ஒடச்சிட்டா மூச்சு வந்திரும்" என்று பக்கத்தில் நின்ற இன்னொரு டீச்சரிடம் சொன்னாள். சொல்லி வாய் மூடுவதற்குள் தேங்காய் உடைபடும் சத்தம் கேட்டது.

அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. றக்வானை பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்து திரும்பும் அந்த மலையில், அதற்கு முன் கம்ப்யூட்டர் இருந்தது தோட்டத்தை நடத்தும் தொரையின் ஆபிசில் மட்டும்தான். அதையும் லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார்கள்.

கிருஷ்ணகுமாரி தோட்டப் பாடசாலையில் சங்கீதம் படிப்பிப்பவள். நாக்கு கொஞ்சம் நீளம் என்று பேர் வாங்கியவள். பெண் பார்க்க வந்த ஒருவர், "கலியாணத்துக்குப் பொறகு இந்தக் கீபோர்ட் வாசிக்கிறதெல்லாம் நிப்பாட்டிருவீங்கதானே?" என்று கேட்டபோது, "டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க, கடைசி பஸ் போயிரும்" என்று சொல்லி அனுப்பியவள். அந்தக் கீபோர்ட் அவள் மாவனல்லைக்குப் போய் ஸமீம் முதலாளியின் கடையில் வாங்கிய ஜப்பான் சாமான். ஏற்கெனவே யாரோ பாவித்தது. அதோடு கிடைத்த புத்தகத்தை அவள் ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அட்டையிலிருந்து அட்டை வரை படித்திருந்தாள். கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் வாசிக்கும் 'மலைச்சாரல்' இசைக்குழுவுக்கு முதுகெலும்பே அந்தக் கீபோர்ட்தான்.

ஆனால் குழுவுக்குத் தலைவன் நிரோஷன். காரணம், அவன் அப்பா பழனியாண்டி யூனியன் தலைவர், கோயில் கமிட்டிக்கும் தலைவர். நிரோஷன் கொழும்பில் ஒரு சீடிக் கடையில் வேலை பார்த்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் தொங்கும் ஹெட்போனுமாகத் திரும்பி வந்திருந்தான். எந்தப் பாட்டு எந்த சீடியில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். பாண் கடைக்காரனுக்குக் கோதுமை விளைவிப்பதைப் பற்றி எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் அவனுக்குப் பாட்டைப் பற்றித் தெரியும் என்பது டீச்சரின் கணிப்பு.

கம்ப்யூட்டர் வந்த கிழமையே, வாரம் முடிவதற்குள், கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டான்.

"இந்தத் தடவ மாரியம்மன் திருவிழாவுக்கு நம்ம தோட்டத்துப் பாட்டு சீடியா வரப்போகுது. டோலக்கு, தபேலா, பேஸ் கிட்டார், புல்லாங்குழல், எல்லாம் இந்தப் பொட்டிக்குள்ளயே இருக்கு. கீபோர்டக் கம்ப்யூட்டரோட கனெக்ட் பண்ணினா சரி. டீச்சர் ஒரு தடவ வாசிச்சா, அத எந்த வாத்தியமா வேணும்னாலும் மாத்திக்கலாம்."

"யாரு பாடுறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"இலட்சுமி அக்காதான்."

அதில் யாருக்கும் மறு பேச்சு இல்லை. இலட்சுமி கொழுந்து பறிப்பவள். மெலிந்த உடம்பு, அதற்குள் எப்படி இருக்கிறது என்று தெரியாத குரல். அவள் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் தங்கி, இனித் தவறிவிட்டாள் என்று நினைக்கும்போது வந்து சேருவாள். அந்தத் தங்கலுக்காகவே கீழ் டிவிசனிலிருந்து ஆட்கள் மேலே ஏறி வருவார்கள்.

நிரோஷன் கூட்டம் முடியும்போது கிருஷ்ணகுமாரியின் பக்கம் திரும்பினான். "டீச்சர், நீங்க ஒண்ணும் பயப்புடாதீங்க. மெதுவா வாசிங்க, பிழை விட்டாலும் பரவால்ல. மிச்சத்தக் கம்ப்யூட்டரு திருத்திக்கிரும்."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவனுக்கு முளைக்காத பல்லை எல்லாம் பாலர் வகுப்பில் எண்ணிப் பார்த்தவள் அவள். எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கீபோர்டைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பழனியாண்டியின் வீட்டுக்குப் போனாள். வீட்டு முன்புறத்துத் திண்ணையான இஸ்தோப்பைப் பலகையால் மறித்து ஓர் அறையாக்கி, கதவில் சிவப்புப் பெயின்டில் 'ஸ்டூடியோ' என்று எழுதியிருந்தார்கள். வெளிச்சத்தம் வராமல் இருக்கச் சுவரில் மெத்தைகளை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தான் நிரோஷன். ஒரு மெத்தையில் குழந்தை மூத்திரக் கறை தேசப்படம்போல விரிந்திருந்தது. இலட்சுமி மூலையில் ஒரு பலகைக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பெண்கள் அன்றன்றே கிடைக்கும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். அவள் அதை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

நிரோஷன் கொழும்பிலிருந்து ஒரு வயர் கொண்டுவந்திருந்தான். அதன் ஒரு முனை அகலமானது; கம்ப்யூட்டரின் பின்னால் குத்துவது. மறுபக்கம் வயர் இரண்டாகப் பிரிந்து, ஐந்து ஊசி உள்ள இரண்டு உருண்டை முனைகளாக முடிந்தது. ஒன்றில் 'இன்' என்றும் மற்றதில் 'அவுட்' என்றும் எழுதியிருந்தது. கீபோர்டின் முதுகிலும் அதே அளவில் இரண்டு துளைகள். அங்கேயும் 'இன்', 'அவுட்'. நிரோஷன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. இன்னை இன்னில் குத்தினான். அவுட்டை அவுட்டில் குத்தினான்.

டீச்சருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. புத்தகத்தில் படமே போட்டிருந்தது. ஒன்றின் அவுட் மற்றதன் இன்னுக்குப் போக வேண்டும். பேசுகிறவனின் வாய் கேட்கிறவனின் காதுப் பக்கம் இருக்க வேண்டும் அல்லவா, அதுபோல. இவன் வாயோடு வாயையும் காதோடு காதையும் ஒட்டிவிட்டு, பேச்சு நடக்கும் என்று காத்திருக்கிறான்.

"நிரோஷன், அந்த வயர்…" என்று கையை நீட்டினாள்.

"தொட்டுறாதீங்க டீச்சர்!" அவன் அவள் கையைத் தட்டியே விட்டான். "இது ஒங்க ஹார்மோனியப் பொட்டி மாதிரி இல்ல. ஒண்ணு கெடக்க ஒண்ணு செஞ்சா எல்லாமே பத்திக்கிரும். நீங்க அங்கிட்டு உக்காந்து, நான் சொன்னதும் ஒரு கட்டைய அமுக்குங்க. அது போதும்."

டீச்சர் கையை இழுத்துக்கொண்டாள். அவன் சொன்னபோது ஒரு கட்டையை அமுக்கினாள். கீபோர்ட் பாடியது. கம்ப்யூட்டர் திரையில் ஒன்றும் அசையவில்லை.

"இன்னொரு தடவ."

அமுக்கினாள். ஒன்றுமில்லை.

"கொஞ்சம் பலமா."

அவள் பலமாக அமுக்கினாள். அவளுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. பழனியாண்டியின் மனைவி கொண்டுவந்து வைத்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை அவள் சொல்லப் போவதில்லை. அவனே கேட்கட்டும். கேட்டால் சொல்லலாம்.

அவன் கேட்கவில்லை.

கீபோர்ட் அங்கேயே கிடந்தது. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் டீச்சருக்குப் படம் பார்க்கப் போவதுபோல இருந்தன. குளித்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனாள். நிரோஷன் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து மூடினான். உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினான். கொழும்பிலுள்ள கூட்டாளிக்கு போன் எடுத்து, அவள் காதில் விழும்படி, "ட்ரைவர் புரோகிராம்தான் பிரச்சினைடா மச்சான்" என்றான். ஒரு நாள் கீபோர்டின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் மைக் துளைக்கு வேறொரு வயரைக் கொடுத்துப் பார்த்தான். அறை முழுக்கக் குளவிக்கூடு கலைந்ததுபோல ஒரு இரைச்சல் கிளம்பியது. பின்பக்கம் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"ஆட்டுக்குப் பிடிக்கல்ல போல" என்றாள் டீச்சர்.

நிரோஷனின் காது சிவந்தது. "டீச்சர், சும்மா இருக்கிறவங்களுக்குப் பேசுறது லேசு."

"நான் சும்மாதானே இருக்கேன். சும்மா இருக்கச் சொல்லித்தானே கூப்பிட்டீங்க."

பின்பு அவன் இரத்தினபுரியிலிருந்து டீவி திருத்தும் ஒருவரைக் கூட்டிவந்தான். அந்த மனிதர் கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டு, உருண்டைத் துளைகளுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "மேக இவரய்" என்றார் சிங்களத்தில். இது முடிந்துபோயிற்று என்று அர்த்தம். அதைச் சொல்வதற்காகவே இரத்தினபுரியிலிருந்து வந்தவர்போல, சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

"பாத்தீங்களா?" என்று நிரோஷன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். "டீச்சரோட டப்பா செத்துப்போச்சு. கமிட்டியில சொல்லி வேற ஒண்ணு எடுக்கணும்."

டீச்சர் தன் கீபோர்டைத் துணியால் துடைத்தாள். கோபம் வர வேண்டிய இடம். ஆனால் வந்தது சிரிப்பு. முட்டாள்தனத்துக்கு ஒரு எல்லை உண்டு என்று அவள் நினைத்திருந்தாள். இவன் அந்த எல்லையைத் தாண்டிப் போய் அங்கே ஒரு ஸ்டூடியோவும் கட்டிவிட்டான்.

அன்று இலட்சுமியும் அவளும் சேர்ந்து இறங்கினார்கள். மழை விட்டு, படிகளில் பாசி வழுக்கியது. டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"ஒனக்கு ஒண்ணு சொல்லவா இலட்சுமி? அந்தக் கீபோர்டுக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்கு. அவன் வயர மாத்திக் குத்தியிருக்கான். ரெண்டையும் கழட்டி, இதுல அத, அதுல இத. அவ்வளவுதான். மொதல் நாளே எனக்குத் தெரியும்."

இலட்சுமி நின்றுவிட்டாள்.

"மொதல் நாளேயா?"

"அவன் குத்தும்போதே."

"அப்பொறம் ஏன் சொல்லல்ல?"

"சொல்ல வந்தேனே, கையத் தட்டிவிட்டான். நீயும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த? கேக்கட்டும். வாயத் தொறந்து, டீச்சர், எனக்குத் தெரியல்லன்னு ஒரு வார்த்த கேக்கட்டும்."

இலட்சுமி அவளை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தாள். கங்காணி எடை போடும் இடத்தில் முற்றின இலையைக் கழித்து வீசும்போது பார்ப்பானே, அந்தப் பார்வை.

"எனக்கு ஏஜென்சியில இருந்து தேதி வந்திருச்சு டீச்சர். அடுத்த கெழமைக்கு அடுத்த கெழம கொழும்புக்குப் போயிறணும். அங்க இருந்து குவைத்துக்கு, வீட்டு வேலைக்கு. ஞாயித்துக் கெழம கைக்காசையும் விட்டுட்டு, வீட்டுல புருசன்கிட்ட ஏச்சும் வாங்கிக்கிட்டு, அந்தக் கட்டையில வந்து குந்திக்கிட்டு இருந்தேன். இன்னைக்கிச் சரியாகும், இன்னைக்கிச் சரியாகும்னு. நீங்க பிஸ்கட் தின்னுக்கிட்டு சிரிச்சிக்கிட்டு இருந்திருக்கீங்க."

"நான் உன்னச் சொல்லல்லியே…"

"நீங்க ரெண்டு பேரும் வெளையாட நான் என்னா கேரம் காயா?" இலட்சுமியின் குரல் உயரவில்லை. "அவனுக்கு அறிவு இல்ல. சரி, விட்டுருவோம். ஒங்களுக்கு இருக்கே, அத வச்சு என்னாத்தக் கிழிச்சீங்க?"

அந்த மலையில் யாரும் டீச்சரிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இலட்சுமி அதற்குள் படியேறத் தொடங்கியிருந்தாள்.

"எங்க போற?"

"வாங்க. வந்து சொல்லுங்க அவன்கிட்ட."

டீச்சர் போனாள். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அந்தப் பார்வையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதைவிட மேலே ஏறுவது லேசாக இருந்தது.

நிரோஷன் கம்ப்யூட்டருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான். இவர்களைக் கண்டதும் அதைச் சட்டென்று மூடினான்.

"அந்த ரெண்டு முனையையும் மாத்திக் குத்திப் பாருங்க" என்றாள் டீச்சர், வாசலில் நின்றபடியே. "இன்ன அவுட்ல. அவுட்ட இன்னுல."

நிரோஷன் சிரித்தான். "டீச்சர், இன்னுன்னா இன்னு, அவுட்டுன்னா அவுட்டு. இங்கிலீஸ்ல எழுதியிருக்கு. டெக்னீசியனே வந்து பாத்துட்டு, போர்ட் எரிஞ்சிருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நீங்க மாத்திக் குத்தி கம்ப்யூட்டரையும் எரிக்கப் போறீங்களா?"

"புத்தகத்துல அப்புடித்தான் இருக்கு."

"எந்தப் புத்தகத்துல? ஒங்க சங்கீதப் புத்தகத்துலயா?"

டீச்சர் திரும்பி நடந்தாள். "சொல்லிட்டேன்" என்று இலட்சுமியிடம் சொன்னாள். "போதுமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோக் கதவைத் திறந்தபோது, கீபோர்டுக்கு முன்னால் நிரோஷன் கறுப்புக் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தான். ஒரு விரலால் ஒரு கட்டையை அமுக்கினான். திரையில் ஒரு பச்சைக் கோடு துள்ளியது. இன்னொன்றை அமுக்கினான். துள்ளியது. பழனியாண்டி வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, பெற்ற பிள்ளை முதல் அடி வைப்பதைப் பார்ப்பதுபோல நின்றார்.

"புது ட்ரைவர் ஒண்ணு போட்டேன்" என்றான் நிரோஷன். "சரியாயிருச்சு."

டீச்சர் கீபோர்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். முனைகள் அவள் சொன்னபடியே மாறியிருந்தன. அவள் இலட்சுமியைப் பார்த்தாள். இலட்சுமி தரையைப் பார்த்தாள். புது ட்ரைவராம். டீச்சரின் வாய்க்குள் ஒரு வசனம் தயாராக நின்றது. அதை உள்ளேயே வைத்துக்கொண்டு கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

மழை வருவதற்குள் முடிக்க வேண்டும். மழை பிடித்தால் தகரக் கூரையில் அடிக்கிற அடியில் மைக்கில் வேறொன்றும் கேட்காது. அவள் வாசித்தாள். இந்த வயர் வழியாகப் போனது சத்தம் அல்ல. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தினாள், எப்போது விட்டாள் என்ற செய்தி மட்டும்தான் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் புல்லாங்குழலாகவும் வயலினாகவும் ஊதியது, இழுத்தது. அதைக் கேட்டபோது டீச்சருக்கு உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்ததை மறுக்க முடியாது. தன் கை போன இடமெல்லாம் வேறொரு வாத்தியம் போவதை அவள் முதல் தடவையாகக் கேட்டாள். இலட்சுமிக்காகக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நின்று, அவள் குரல் வந்து உட்கார இடம் விட்டு வாசித்திருந்தாள்.

அவர்கள் வெளியே போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் நிரோஷன் தன் வேலையைக் காட்டியிருந்தான்.

"டீச்சர், நீங்க அங்கங்க பிந்திப் போறீங்க. பரவால்ல, எல்லாத்தையும் நேராக்கிட்டேன். கேட்டுப் பாருங்க."

கேட்டார்கள். ஒவ்வொரு சுரமும் கோட்டுக்குக் கோடு வந்து நின்றது. விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை வரிசையாக நடத்துகிற மாதிரி, இடது வலது, இடது வலது. அம்மனைத் தாலாட்டுகிற பாட்டு அது. அம்மனை எழுப்பி மைதானத்தைச் சுற்றி ஓட விட்டதுபோல இருந்தது.

இலட்சுமி ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடினாள். முதல் வரியிலேயே அவள் தங்கும் இடத்தில் இசை தங்கவில்லை. அவள் துரத்தினாள். பிடித்தாள். மறுபடி விட்டுவிட்டாள்.

"அக்கா, தாளத்த விட்டுட்டீங்க. இன்னொரு தடவ."

பாடினாள்.

"மறுபடியும் விட்டுட்டீங்க. கம்ப்யூட்டரு பிழை விடாது அக்கா. நீங்கதான் அதோட வரணும்."

அவள் பாடப் பாட, குரலில் இருந்த ஈரம் காய்ந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். "எனக்கு வராது போல டீச்சர்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் இங்கே இருக்கமாட்டாள்.

டீச்சருக்குள் சொற்கள் குவிந்து நின்றன. சுரத்துக்கும் சுடுதண்ணிக்கும் வித்தியாசம் தெரியாதவன். அப்பன் தலைவர் என்பதால் தலைவன். மூத்திர மெத்தைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இலட்சுமிக்குத் தாளம் சொல்லிக் கொடுக்கிறான். இதில் ஒரு சொல்லை எடுத்து விட்டாலும் அவன் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து போய்விடுவான். பழனியாண்டி கமிட்டியைக் கூட்டுவார். கதை அதோடு முடியும். சொல்ல எவ்வளவு ருசியாக இருக்கும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. வாயில் வைத்த கற்கண்டைத் துப்புவதுபோல அவள் அதைத் துப்ப வேண்டியிருந்தது.

"தம்பி" என்றாள்.

நிரோஷன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நீங்க நேராக்கினது சுத்தமா இருக்கு. ஆனா இலட்சுமிக்கு அதுல நிக்க இடமில்லாம இருக்கு. நான் பிந்தி வாசிச்சது அவளுக்காகத்தான். அத முந்தி இருந்த மாதிரியே ஆக்க முடியுமா? எனக்கு அது எப்புடின்னு தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்."

அவன் அவள் முகத்தில் சிரிப்பு எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினான். வெகுநேரம் தேடினான். பிறகு மவுஸைத் தொட்டான்.

"இது ஒரு செக்கண்ட் வேல டீச்சர்" என்றான்.

நிஜமாகவே ஒரு செக்கண்ட் வேலைதான். இசை பழையபடி மூச்சு விடத் தொடங்கியது. இலட்சுமி ஹெட்போனை மாட்டினாள். அன்று அவள் பாடியதைப் பற்றி மேல் டிவிசனில் இன்னும் பேசுகிறார்கள். மெத்தையையும் பலகையையும் தாண்டி வந்த குரலைக் கேட்டு, தண்ணீர்ப் பீலியில் குடத்தை வைத்துவிட்டு வந்து நின்ற பெண்கள், குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை என்கிறார்கள். கடைசிப் பாட்டு முடியும்போது முதல் துளி தகரத்தில் விழுந்தது. அந்தத் துளியையும், நடுவில் வந்த இருமலையும், நாய் குரைத்ததையும் நிரோஷன் பிறகு ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான். அதை நன்றாகவே செய்தான். அவனுக்கு அந்த ஒன்று தெரிந்திருந்தது டீச்சருக்கு எரிச்சலாக இருந்தது.

இலட்சுமி குவைத்துக்குப் போனாள். போகும்போது டீச்சரிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். "ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டுச் சாகாம இருங்க" என்று மட்டும் சொன்னாள். ஏசிக்கொண்டிருந்த அவள் புருசன், சீடி வந்த பிறகு அதை வைத்துக்கொண்டு விடியவிடியப் போட்டு, பக்கத்து லயக்காரர்கள் வந்து சண்டை பிடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

சீடி திருவிழாவுக்கு முந்தின நாள் வந்தது. அட்டையில் அம்மன் சின்னதாகவும் நிரோஷன் பெரிதாகவும் இருந்தார்கள். கழுத்தில் ஹெட்போன், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கீழே 'இசை: நிரோஷன்'. 'குரல்: இலட்சுமி'. 'ஆசி: தலைவர் பழனியாண்டி'. ஒலிபெருக்கி தந்தவர் பேர் இருந்தது. தேத்தண்ணீர் தந்தவர் பேரும் இருந்தது. கிருஷ்ணகுமாரி என்ற பேர் எங்கும் இல்லை.

கீபோர்டைத் திருப்பி எடுக்கத்தான் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அவள் மேலே ஏறினாள். நிரோஷன் அறையில் இருந்தான். அட்டையை அவன் முன்னால் வைத்தாள்.

"என் பேர எழுத எடம் பத்தல்லியா? ஒங்க மூஞ்சியக் கொஞ்சம் சின்னதாக்கியிருந்தா வந்திருக்குமே."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். அது இல்லாதபோது அவன் பாலர் வகுப்பில் இருந்தமாதிரியே இருந்தான்.

"டீச்சர், நான் ஒண்ணு கேக்கட்டுமா? அந்த வயர் மாறியிருக்குன்னு ஒங்களுக்கு மொதல் நாளே தெரியும்தானே?"

அவள் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும்னு. ஒங்க மூஞ்சியில எழுதியிருந்துச்சு. வயர்தான்னு எனக்குத் தெரியாது. ஆனா என்னமோ ஒண்ணு தெரிஞ்சிக்கிட்டுத்தான் சிரிக்கிறீங்கன்னு தெரியும். ஞாயித்துக் கெழம ஞாயித்துக் கெழம நல்ல சேலையக் கட்டிக்கிட்டு வந்து, நான் அவமானப்படுறதப் பாத்துட்டுப் போனீங்க."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"ஒங்ககிட்டயா?" நிரோஷன் முகத்தைச் சுளித்தான். "செத்தாலும் கேட்டிருக்க மாட்டேன். மூணாம் வகுப்புல நான் பாடினப்ப, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால, தவளைக்குக்கூடச் சுதி இருக்குன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இல்லை. அப்படி எத்தனையோ சொல்லியிருப்பாள். சொன்னது சரியாகவும் இருந்திருக்கும். இப்போதும் அவன் தவளையைவிட மோசம்தான். ஆனால் அதைச் சொல்லி மறந்தவள் தான் என்பதும், அதைத் தூக்கிக்கொண்டே இத்தனை வருஷம் நடந்தவன் அவன் என்பதும் அவளுக்கு உறைத்தது. உறைத்ததை அவள் விரும்பவில்லை.

"அடுத்த பிரிண்ட்ல போடுறேன்" என்றான் அவன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"போடாட்டியும் ஒண்ணுமில்ல."

"போடுறேன்னு சொல்றேன்ல."

"சரி, போடுங்க. எழுத்துப் பிழை இல்லாம."

அவன் இரண்டு உருண்டை முனைகளையும் கழற்றி, வயரைச் சுற்றி வைத்தான். அவள் கீபோர்டைப் போர்வையில் சுற்றினாள். வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. நீளமான சாமான், படி குறுகலானது. அவள் தனியாகத் தூக்கப் பார்த்தாள். அவன் எதுவும் கேட்காமல் மறுமுனையைப் பிடித்தான். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், பிணம் தூக்குகிறவர்கள்போலப் படியிறங்கினார்கள். லயத்து வாசல்களில் நின்ற சனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

பீலிக்குப் பக்கத்துப் படியில் அவன் கால் சறுக்கி, ஒரு பக்கம் சாய்ந்து, சமாளித்துக்கொண்டான்.

"பாத்து வாங்க. பாசி" என்றாள் டீச்சர்.

"தெரியும்" என்றான் நிரோஷன்.